சுங்கை சிப்புட் மக்களவைத் தொகுதி: ஒரு வாக்களிப்பு வரலாறு

சுங்கை சிப்புட், மலேசியாவின் பேராக் மாநிலத்தில், கோலா கங்சார் மாவட்டத்தில் உள்ள ஒரு மக்களவைத் தொகுதி. தேர்தல் ஆணையத்தின் பட்டியலில் இதன் எண் பி62. 1959 முதல் 2022 வரை 15 பொதுத் தேர்தல்களைச் சந்தித்த இத்தொகுதிக்கு இதுவரை நான்கே உறுப்பினர்கள்தாம்: வீ. தி. சம்பந்தன், ச. சாமிவேலு, மைக்கல் ஜெயக்குமார் தேவராஜ், கேசவன் சுப்பிரமணியம். நால்வரும் இந்திய சமூகத்தைச் சேர்ந்தவர்கள். முதல் 11 தேர்தல்களில் மலேசிய இந்தியர் காங்கிரஸ் (ம.இ.கா.) வென்றது. பின்வந்த 4 தேர்தல்களில் மக்கள் நீதிக் கட்சியின் சின்னம் வென்றது.

இதைப் பார்க்கும் எவரும் சுங்கை சிப்புட் இந்தியர்கள் பெரும்பான்மையாக வாழும் தொகுதி என்றே நினைப்பார்கள். அது சரியல்ல. இங்கு இந்திய வாக்காளர்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர். மலாய்க்காரர்களும் சீனர்களும் தலா மூன்றில் ஒரு பங்கை ஒட்டி இருக்கிறார்கள். உள்காட்டுப் பகுதிகளில் ஓராங் அஸ்லி எனப்படும் பூர்வகுடி மக்கள் வாழ்கிறார்கள். எந்த இனத்துக்கும் தனித்து வெல்லும் எண்ணிக்கை இல்லை. இந்த ஓர் உண்மையை மனத்தில் வைத்துக்கொண்டால் தொகுதியின் அறுபது ஆண்டு வரலாறு எளிதில் விளங்கும்.

ஊரும் மக்களும்

மலாய் மொழியில் ‘சுங்கை’ என்றால் ஆறு. ‘சிப்புட்’ என்றால் நத்தை. ஈப்போ நகருக்கு வடக்கே, கோலா கங்சாருக்குச் செல்லும் பாதையில் இந்த ஊர் இருக்கிறது. பிரிட்டிஷார் காலத்தில் இதைச் சுற்றி ரப்பர் தோட்டங்கள் உருவாயின. அவற்றில் பால்மரம் வெட்டத் தமிழகத்திலிருந்து தொழிலாளர்கள் கொண்டுவரப்பட்டார்கள். தோட்டத்துக்கு ஒரு லயம், ஒரு கோயில், ஒரு தமிழ்ப்பள்ளி என அவர்களின் வாழ்க்கை அமைந்தது. எல்பில், டோவன்பி, ஹீவூட், சங்காட் சாலாக் போன்ற தோட்டப் பெயர்கள் இன்றும் இப்பகுதித் தமிழர்களின் பேச்சில் புழங்குகின்றன.

சீனர்கள் ஈயச் சுரங்கத் தொழிலிலும் வணிகத்திலும் காய்கறிப் பயிரிடுதலிலும் ஈடுபட்டார்கள். மலாய் மக்கள் ஆற்றோரக் கம்பங்களில் வாழ்ந்தார்கள். ஒரே ஊரைச் சுற்றி வாழ்ந்தாலும் தொழில், மொழி, குடியிருப்பு ஆகியவற்றில் இந்தச் சமூகங்கள் தனித்தனியாகவே இருந்தன. பின்னாளில் இவர்கள் அனைவரும் ஒரே வாக்குச் சீட்டில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை வந்தது.

1948: அவசரகாலம் தொடங்கிய இடம்

மலாயா வரலாற்றில் சுங்கை சிப்புட்டின் பெயர் நிலைத்துவிட்டதற்கு 1948 ஜூன் 16 அன்று நடந்த நிகழ்ச்சி காரணம். அன்று காலை எல்பில் தோட்டத்திலும் அருகிலிருந்த இன்னொரு தோட்டத்திலும் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் கம்யூனிஸ்டுகளால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து பிரிட்டிஷ் அரசு அவசரகாலத்தை அறிவித்தது. இரண்டு நாட்களில் அது மலாயா முழுவதற்கும் விரிவுபடுத்தப்பட்டது. 1960 ஜூலை 31 வரை, 12 ஆண்டுகள் அந்த நிலை நீடித்தது.

அவசரகாலம் இப்பகுதியின் மக்கள் அமைப்பையே மாற்றியது. காட்டோரங்களில் சிதறி வாழ்ந்த மக்களைக் கம்யூனிஸ்டுகளிடமிருந்து பிரிப்பதற்காக, முள்வேலியிட்ட ‘புதுக் கிராமங்களில்’ அரசு குடியமர்த்தியது. நாடு முழுவதும் ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேர் இவ்வாறு இடம்பெயர்க்கப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் சீனர்கள். சுங்கை சிப்புட் வட்டாரத்தில் சீன வாக்காளர்கள் குறிப்பிட்ட சில இடங்களில் செறிந்து வாழ்வதற்கு இதுவே அடிப்படை.

சம்பந்தன் காலம் (1955–1974)

1919-இல் சுங்கை சிப்புட்டில் பிறந்தவர் சம்பந்தன். இவருடைய தந்தை வீராசாமி தமிழகத்திலிருந்து வந்து, உழைத்து முன்னேறித் தோட்ட உரிமையாளரானவர். சம்பந்தன் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தார். 1954-இல் இவருடைய முயற்சியால் சுங்கை சிப்புட்டில் மகாத்மா காந்தி கலாசாலை என்ற தமிழ்ப்பள்ளி எழுந்தது. விஜயலட்சுமி பண்டிட் அதைத் திறந்து வைத்தார்.

1955-இல் சம்பந்தன் ம.இ.கா.வின் தலைவரானார். அதே ஆண்டு மலாயாவின் முதல் பொதுத் தேர்தல் நடந்தது. அப்போது சுங்கை சிப்புட் என்ற பெயரில் தனித் தொகுதி இல்லை. கிந்தா உத்தாரா தொகுதியில் அம்னோ, மலாயா சீனர் சங்கம், ம.இ.கா. ஆகிய மூன்றும் சேர்ந்த கூட்டணியின் வேட்பாளராக நின்று சம்பந்தன் வென்றார். நாடு முழுவதும் இருந்த 52 இடங்களில் 51-ஐக் கூட்டணி கைப்பற்றியது.

அந்தத் தேர்தலில் வாக்காளர்களில் ஏறத்தாழ 84 சதவீதத்தினர் மலாய்க்காரர்கள். தோட்டத் தொழிலாளர்களில் பலர் குடியுரிமை இல்லாததால் வாக்களிக்க முடியவில்லை. எனவே ஓர் இந்திய வேட்பாளரின் வெற்றி மலாய் வாக்காளர்களின் கையில்தான் இருந்தது. அம்னோவின் வாக்கு ம.இ.கா. வேட்பாளருக்கு விழும், பதிலுக்கு ம.இ.கா.வின் ஆதரவு மற்றத் தொகுதிகளில் அம்னோவுக்குக் கிடைக்கும். இந்த ஏற்பாடுதான் அடுத்த அரை நூற்றாண்டுக்கு ம.இ.கா.வைத் தாங்கி நின்றது. அதன் பலமும் அதுதான், பலவீனமும் அதுதான்.

1957-இல் நாடு விடுதலை பெற்றபின் குடியுரிமை விதிகள் தளர்ந்தன. இந்திய, சீன வாக்காளர்களின் எண்ணிக்கை உயர்ந்தது. 1959 தேர்தலில் சுங்கை சிப்புட் தனித் தொகுதியாகத் தோன்றியது. 1959, 1964, 1969 ஆகிய மூன்று தேர்தல்களிலும் சம்பந்தன் வென்றார். தொழிலாளர், சுகாதாரம், பொதுப்பணி முதலான துறைகளில் அமைச்சராக இருந்தார்.

அவருடைய பெயரை இன்றும் மக்கள் நினைவில் வைத்திருப்பது பதவிகளுக்காக அல்ல. விடுதலைக்குப் பின் ஐரோப்பியர்கள் தங்கள் தோட்டங்களை விற்கத் தொடங்கினார்கள். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். தோட்டம் துண்டாடப்பட்டால் தொழிலாளிக்கு வேலை போகும். வேலையோடு லயத்து வீடும் போகும். இதைத் தடுக்க 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. தொழிலாளர்களிடமே சிறுகச் சிறுகப் பங்குப் பணம் சேர்த்து, விற்பனைக்கு வந்த தோட்டங்களை வாங்குவது அதன் நோக்கம். சம்பந்தன் தோட்டந்தோட்டமாகச் சென்று உறுப்பினர்களைச் சேர்த்தார். 1973-இல் கட்சித் தலைமையிலிருந்து விலகிய அவர், 1974 தேர்தலில் போட்டியிடவில்லை. 1979-இல் காலமானார்.

சாமிவேலு காலம் (1974–2008)

1974-இல் தேசிய முன்னணி என்ற விரிந்த கூட்டணி முதன்முறையாகத் தேர்தலைச் சந்தித்தது. சுங்கை சிப்புட்டில் அதன் வேட்பாளராக நின்றவர் ஜொகூர் மாநிலத்தின் குளுவாங்கில் பிறந்த கட்டடக் கலைஞர் சாமிவேலு. அந்தத் தேர்தல் தொடங்கி 2004 வரை தொடர்ந்து எட்டு முறை அவர் இத்தொகுதியை வென்றார். 1979-இல் ம.இ.கா.வின் தலைவராகவும் அமைச்சராகவும் ஆனார். பொதுப்பணித் துறையை இரண்டு கட்டங்களாக ஏறத்தாழ 23 ஆண்டுகள் அவர் வகித்தார். கட்சியில் அவருக்கு நிகராக வேறொருவர் தலையெடுக்கவில்லை.

இதே காலத்தில் தோட்டப்புறம் மாறிக்கொண்டிருந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு ஆள் குறைவாகவே தேவை. நகரங்களுக்கு அருகிலிருந்த தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களுக்கு விற்கப்பட்டன. பல தலைமுறைகளாக ஒரே லயத்தில் வாழ்ந்த குடும்பங்கள் மாற்று வீடு இல்லாமல் வெளியேறின. வெளிநாட்டுத் தொழிலாளர்களின் வருகையால் கூலியும் உயரவில்லை. சம்பந்தன் காலத்தில் துண்டாடலாக இருந்த சிக்கல், சாமிவேலு காலத்தில் வெளியேற்றமாக வடிவம் மாறியது.

இந்தத் தொழிலாளர்களிடையே பல ஆண்டுகள் பணியாற்றியவர் மருத்துவர் ஜெயக்குமார் தேவராஜ். அவர் நெஞ்சக நோய் மருத்துவர். மலேசிய சோசலிசக் கட்சியை அமைத்தவர்களில் ஒருவர். 1998-இல் அக்கட்சி பதிவுக்கு விண்ணப்பித்தது. பத்து ஆண்டுகள் பதிவு கிடைக்கவில்லை. பதிவு இல்லாத கட்சிக்குச் சின்னம் இல்லை. எனவே 1999-இல் ஜனநாயக செயல் கட்சியின் சின்னத்தில் சாமிவேலுவை எதிர்த்து நின்றார். 5,259 வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். 2004-இல் மக்கள் நீதிக் கட்சியின் சின்னத்தில் நின்றார். இம்முறை வித்தியாசம் பத்தாயிரத்தைத் தாண்டியது. சுங்கை சிப்புட்டை அசைக்க முடியாது என்று அனைவரும் முடிவு கட்டிய ஆண்டு அது.

2008 மார்ச் 8

2007 நவம்பர் 25 அன்று கோலாலம்பூரில் இண்ட்ராப் அமைப்பின் அழைப்பை ஏற்று ஆயிரக்கணக்கான இந்தியர்கள் திரண்டார்கள். கோயில் இடிப்புகள், தமிழ்ப்பள்ளிகளின் நிலை, தோட்டங்களிலிருந்து வெளியேற்றப்பட்டவர்களின் வறுமை என நெடுங்காலமாகச் சேர்ந்திருந்த குறைகள் அன்று தெருவுக்கு வந்தன. கண்ணீர்ப்புகையும் நீர்ப்பீரங்கியும் அவர்களை எதிர்கொண்டன. அடுத்த மாதம் அவ்வமைப்பின் தலைவர்கள் ஐவர் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தடுத்து வைக்கப்பட்டார்கள். இந்தியர்களின் கோபம் அரசின்மீது மட்டுமன்றி, அரசில் தங்களுக்காகப் பேச வேண்டிய ம.இ.கா.வின்மீதும் திரும்பியது.

மூன்றே மாதங்களில் பொதுத் தேர்தல் வந்தது. வாக்களிப்பு நாளான 2008 மார்ச் 8, சாமிவேலுவின் 72-ஆம் பிறந்தநாள். அன்று இரவு ஜெயக்குமார் 16,458 வாக்குகளும் சாமிவேலு 14,637 வாக்குகளும் பெற்றிருந்ததாக அறிவிக்கப்பட்டது. வித்தியாசம் 1,821. நாற்பத்தொன்பது ஆண்டுகளாக ம.இ.கா. கையில் இருந்த தொகுதி கைமாறியது. அத்தேர்தலில் ம.இ.கா. போட்டியிட்ட 9 மக்களவைத் தொகுதிகளில் 3-இல் மட்டுமே வென்றது. தேசிய முன்னணி மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையை இழந்தது. பேராக் மாநில ஆட்சியையும் இழந்தது.

இந்தத் தோல்விக்கு இந்திய வாக்குகள் மட்டும் காரணம் என்று சொல்வது பாதி உண்மை. ஐந்தில் ஒரு பங்கினர் மட்டும் மனம் மாறி ஒரு தொகுதியைப் புரட்ட முடியாது. சீன வாக்குகளும் அந்த ஆண்டு நாடெங்கும் எதிரணிப் பக்கம் சாய்ந்தன. இரண்டும் ஒரே நாளில் ஒரே திசையில் நகர்ந்ததால்தான் சுங்கை சிப்புட் விழுந்தது.

எதிர்க்கட்சி உறுப்பினரின் பத்தாண்டு (2008–2018)

ஆளுங்கட்சி உறுப்பினர்களுக்குக் கிடைக்கும் தொகுதி மேம்பாட்டு ஒதுக்கீடு எதிர்க்கட்சி உறுப்பினர்களுக்குக் கிடைக்கவில்லை. எதிர்க்கட்சியைத் தேர்ந்தெடுத்ததற்கு வாக்காளர்கள் கொடுத்த விலை இது. இதை எதிர்த்து ஜெயக்குமார் நீதிமன்றம் சென்றார். வழக்கு வெற்றி பெறவில்லை. 2011-இல் அவரும் கட்சித் தோழர்கள் ஐவரும் 1969-ஆம் ஆண்டின் அவசரகாலச் சட்டத்தின் கீழ் விசாரணையின்றி ஏறத்தாழ நான்கு வாரங்கள் தடுத்து வைக்கப்பட்டார்கள்.

2013-இல் அவர் மீண்டும் வென்றார். எதிர்த்து நின்ற ம.இ.கா.வின் எஸ். கே. தேவமணி 18,800 வாக்குகள் பெற்றார். ஜெயக்குமாருக்கு 21,593 வாக்குகள், வித்தியாசம் 2,793. கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 2008-ஐ ஒப்பிடும்போது ம.இ.கா.வுக்கு 4,163 வாக்குகள் கூடியிருந்தன. ஆனால் ஜெயக்குமாருக்கு 5,135 வாக்குகள் கூடின. அந்த ஆண்டு நாடு முழுவதும் வாக்களிப்பு விகிதம் 84 சதவீதத்தைத் தாண்டியது. வாக்குச் சாவடிக்குப் புதிதாக வந்தவர்களை இரு தரப்பும் ஈர்த்தன. ஒரு தரப்பு சற்றே கூடுதலாக ஈர்த்தது.

2018: மனிதரா, சின்னமா?

2018-இல் நிலைமை மாறியது. மலேசிய சோசலிசக் கட்சிக்கும் நம்பிக்கைக் கூட்டணிக்கும் இடையே தொகுதி உடன்பாடு ஏற்படவில்லை. ஜெயக்குமார் சொந்தக் கட்சியின் சின்னத்தில் நின்றார். மக்கள் நீதிக் கட்சி கேசவன் சுப்பிரமணியத்தை நிறுத்தியது. தேசிய முன்னணி சார்பில் மறுபடியும் தேவமணி. முன்பு எதிரணியில் இருந்த பாஸ் கட்சியும் தனியே களமிறங்கியது.

கேசவன் 20,817 வாக்குகளும் தேவமணி 15,210 வாக்குகளும் பெற்றார்கள். பத்தாண்டு உறுப்பினராக இருந்த ஜெயக்குமார் பெற்றது 1,505 வாக்குகள். செல்லுபடியான வாக்குகளில் எட்டில் ஒரு பங்கு கிடைக்காவிட்டால் வைப்புத் தொகை பறிபோகும். அவருக்குக் கிடைத்தது 4 சதவீதத்துக்கும் குறைவு.

ஐந்து ஆண்டுகளுக்கு முன் அதே மனிதருக்கு 21,593 பேர் வாக்களித்தார்கள். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் சின்னத்தைப் பின்பற்றிச் சென்றுவிட்டார்கள். இதை நன்றி மறத்தல் என்று சிலர் வருந்தினார்கள். வாக்காளரின் கணக்கு வேறாக இருந்தது. அறுபது ஆண்டுகளாக ஆண்ட கூட்டணியை மத்தியில் மாற்ற வேண்டும் என்பது அன்றைய கேள்வி. வாக்கைப் பிரித்தால் எதிரிக்கு இலாபம் என்று அவர்கள் எண்ணினார்கள். தொகுதியில் நல்ல மருத்துவர் தேவை என்ற எண்ணமும், புத்ராஜெயாவில் புதிய அரசு தேவை என்ற எண்ணமும் ஒரே வாக்குச் சீட்டில் மோதின. இரண்டாவது வென்றது.

எண்களில் இன்னொரு பாடமும் இருக்கிறது. கேசவன் பெற்றவை 2013-இல் ஜெயக்குமார் பெற்றதைவிட 776 வாக்குகள் குறைவு. ஆனாலும் வித்தியாசம் 2,793-லிருந்து 5,607-ஆக இரட்டித்தது. காரணம், தேசிய முன்னணி 3,590 வாக்குகளை இழந்தது. எனவே வித்தியாசம் பெருகியதை வைத்து வென்றவரின் ஆதரவு பெருகியது என்று முடிவு செய்துவிட முடியாது.

2022: மீண்டும் நெருங்கிய போட்டி

2022 தேர்தலுக்கு முன் வாக்களிக்கும் வயது 21-லிருந்து 18-ஆகக் குறைந்தது. வாக்காளர் பதிவும் தானாகவே நடக்கும் என்றானது. 2018-இல் ஏறத்தாழ 1.49 கோடியாக இருந்த நாட்டின் வாக்காளர் எண்ணிக்கை 2.1 கோடியைத் தாண்டியது. ம.இ.கா. இம்முறை தன் தேசியத் தலைவர் ச. விக்னேஸ்வரனையே சுங்கை சிப்புட்டுக்கு அனுப்பியது. இழந்த கோட்டையை மீட்கும் முயற்சி அது.

கேசவன் 21,637 வாக்குகளும் விக்னேஸ்வரன் 19,791 வாக்குகளும் பெற்றார்கள். வித்தியாசம் 1,846. வாக்காளர் தொகை பெருமளவு உயர்ந்தும் கேசவனுக்கு முந்தைய தேர்தலைவிட 820 வாக்குகளே கூடின. ம.இ.கா.வுக்கு 4,581 வாக்குகள் கூடின. பலமுனைப் போட்டியில் தேசியக் கூட்டணி வேட்பாளரும் கணிசமான வாக்குகளைப் பிரித்தார்.

தேர்தல் முடிந்த சில நாட்களில் நடந்தது யாரும் எதிர்பாராதது. எந்தக் கூட்டணிக்கும் பெரும்பான்மை கிடைக்காததால், நம்பிக்கைக் கூட்டணியும் தேசிய முன்னணியும் சேர்ந்து அன்வார் இப்ராகிம் தலைமையில் ஆட்சி அமைத்தன. சுங்கை சிப்புட்டில் எதிரெதிராக நின்ற இரு கட்சிகளும் ஒரே அரசின் பக்கம் வந்தன.

கடைசி நான்கு தேர்தல்களின் வாக்கு விவரம்

2008: ஜெயக்குமார் 16,458, சாமிவேலு 14,637, வித்தியாசம் 1,821
2013: ஜெயக்குமார் 21,593, தேவமணி 18,800, வித்தியாசம் 2,793
2018: கேசவன் 20,817, தேவமணி 15,210, வித்தியாசம் 5,607
2022: கேசவன் 21,637, விக்னேஸ்வரன் 19,791, வித்தியாசம் 1,846

ஒரு தொகுதிக்குள் இரண்டு உலகங்கள்

சுங்கை சிப்புட் மக்களவைத் தொகுதிக்குள் லிந்தாங், ஜாலோங் என இரண்டு மாநிலச் சட்டமன்றத் தொகுதிகள் உள்ளன. மலாய் வாக்காளர்கள் மிகுந்த லிந்தாங் அம்னோவிடம் இருந்துவருகிறது. சீன வாக்காளர்கள் மிகுந்த ஜாலோங்கை 2008 முதல் ஜனநாயக செயல் கட்சி வென்றுவருகிறது. ஒரே நாளில், ஒரே சாவடியில் மக்கள் இரண்டு சீட்டுகளில் வாக்களிக்கிறார்கள். சட்டமன்றச் சீட்டில் தொகுதி இரண்டாகப் பிரிந்து தெரிகிறது. மக்களவைச் சீட்டில் அந்த இரு பாதிகளும் சேர்ந்து ஒருவரைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். இரு பாதிகளிலும் பரவியிருக்கும் இந்திய வாக்காளர்கள் எந்தப் பக்கம் சாய்கிறார்களோ, அந்தப் பக்கத்துத் தட்டு தாழ்கிறது. எண்ணிக்கையில் சிறியவர்களாக இருந்தும் அவர்களுடைய வாக்குக்கு இங்கு எடை கூடியிருப்பது இதனால்தான்.

2008-இல் சாமிவேலுவின் பக்கம் 911 பேர் கூடுதலாக மாறி வாக்களித்திருந்தால் முடிவு தலைகீழாகியிருக்கும். 2022-இல் விக்னேஸ்வரனுக்குத் தேவைப்பட்டது அவ்வாறு மாறும் 924 பேர். இரண்டு மூன்று தோட்டங்களின் பெரியவர்களைச் சேர்த்தால் இந்த எண்ணிக்கை வந்துவிடும். தன் ஒரு வாக்கால் என்ன ஆகப்போகிறது என்று கேட்கும் மாணவருக்கு இந்த இரண்டு எண்களே விடை.

சம்பந்தனை இத்தொகுதி மூன்று முறை தேர்ந்தெடுத்தது. சாமிவேலுவை எட்டு முறை தேர்ந்தெடுத்து, ஒன்பதாம் முறை அனுப்பிவிட்டது. ஜெயக்குமாரை இரண்டு முறை ஏற்று, மூன்றாம் முறை வைப்புத் தொகையையும் இழக்கச் செய்தது. தோட்டங்கள் இன்று பெரும்பாலும் செம்பனைக் காடுகளாகிவிட்டன. லயத்தில் பிறந்தவர்களின் பிள்ளைகள் ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் வேலை செய்கிறார்கள். தேர்தல் நாளில் அவர்களில் பலர் ஊர் திரும்புகிறார்கள். அவர்களுடைய வாக்கு யாருக்கு என்று எந்தக் கட்சியும் இப்போது முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ள முடிவதில்லை.